குஞ்சுக்குச் சொட்டு விடுகிறவர்களின் கண்ணுக்கு ஒரு காகிள்ஸ்: பதினொரு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

நாமக்கல் சுற்றுவட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து போடும் குழு எங்களுடையது. நான், இரண்டு தம்பிகள், மூன்று அக்காமார். பதினாறு வருடமாக இதே வேலை. வேலைக்கென்று எத்தனையோ சாமான் வாங்கியிருக்கிறேன். எழுதத் தோன்றியது இந்த ஒன்றைப் பற்றித்தான். சேலத்தில் தொழிற்சாலைகளுக்குக் கையுறை, ஹெல்மெட், பூட்ஸ் விற்கிற ஒரு கடையில் 380 ரூபாய்க்கு வாங்கிய காகிள்ஸ். நான்கு பக்கமும் முகத்தோடு ஒட்டி மூடும் வகை. பதினொரு மாதம் போட்டாகிவிட்டது, மொத்தம் ஏழு வாங்கியிருக்கிறோம்.

வாங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதக் கடைசியில் ஒரு பண்ணையில் ஆறு நாள் குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்புச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தோம். லசோட்டா மருந்து. தூளாக வரும் குப்பியில் நீல நிறக் கரைசலைக் கலந்து, டிராப்பர் மாட்டி, குஞ்சை இடது கையில் படுக்க வைத்துக் கண்ணில் ஒரு சொட்டு. சொட்டு விழுந்ததும் கையை எடுத்துவிடக் கூடாது. குஞ்சு கண்ணைச் சிமிட்டி, சொட்டு உள்ளே இழுக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். அந்த ஒரு நொடி அவசரப்பட்டால் குஞ்சு தலையை உதறும், மருந்து தெறிக்கும். அன்று அப்படித்தான் தெறித்தது. மாஸ்க் போட்டிருந்தேன், கையுறையும் போட்டிருந்தேன். தெறித்தது என் இடது கண்ணில். சட்டைக் கையில் துடைத்துவிட்டு அடுத்த குஞ்சை எடுத்தேன்.

மறுநாள் ராத்திரி மணல் விழுந்த மாதிரி உறுத்தல். அதற்கடுத்த நாள் காலையில் இடது கண் மட்டும் செக்கச்செவேல் என்று, தண்ணீராகக் கொட்டியது. பீளை அதிகம் இல்லை. இடது காதுக்கு முன்னால் தொட்டால் வலிக்கிற மாதிரி சுண்டைக்காய் அளவில் ஒரு கழலை. வீட்டில் மெட்ராஸ் ஐ என்று நினைத்துப் பிள்ளைகளைத் தள்ளி வைத்தார்கள். அம்மா நந்தியாவட்டைப் பூவை நனைத்து மூடிய கண்மேல் வைத்தார். குளிர்ச்சியாக இருந்தது, சிவப்பு குறையவில்லை.

கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "குஞ்சுக்குக் கண்ணிலயா மருந்து விடறீங்க? அப்ப அந்த வைரஸ்தான் உங்க கண்ணுக்கு வந்திருக்கணும்" என்றார். அது உயிருள்ள வைரஸ், கோழிக்கு நோய் வராத அளவு வீரியம் குறைந்த ரகம், மனிதக் கண்ணில் பட்டால் இப்படிச் சிவக்கும், பெரும்பாலும் ஒரு கண்ணோடு நின்று ஒரு வாரத்தில் தானாக அடங்கும் என்று விளக்கினார். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். எட்டாவது நாள் கண் வெளுத்துவிட்டது. சோதனைக்கூடத்துக்கு அனுப்பி உறுதி செய்ததில்லை. நாள் கணக்கும், ஒற்றைக் கண்ணும், காதோரக் கழலையும் அவர் சொன்னதோடு பொருந்தின.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. குஞ்சின் கண்ணில் நான் சொட்டு விடுவது எதற்காக? வெள்ளைக்கழிச்சல் வைரஸ் கோழியின் மூச்சுப்பாதையைத் தாக்குவது. கண்ணின் ஈரப்பரப்பில் விட்டால் அங்கேயே பற்றும், அங்கிருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கும், இமைக்குப் பின்னால் இருக்கும் ஹார்டர் சுரப்பி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும் என்பதற்காகத்தான் அந்த வழி. கரைசலில் நீலம் கலந்திருப்பதும் அதற்காகத்தான். சொட்டு விட்டபின் சில குஞ்சுகளின் வாயைத் திறந்து பார்ப்போம். நாக்கில் நீலம் தெரிந்தால் மருந்து கண் வழியாக உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை லட்சம் குஞ்சுகளுக்கு நானே இதைச் செய்திருப்பேன்! அதே மாதிரி ஒரு வழி என் முகத்திலும் இருக்கிறது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

நம் எல்லோருக்கும் அந்த வழி தெரியும். கண்ணுக்கு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்குமே, அதுதான். கண்ணின் உள்மூலையில் மேலும் கீழும் ஒவ்வொரு சின்னத் துளை. அதில் இறங்கும் கண்ணீர் ஒரு பையில் சேர்ந்து, ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவதும் இதனால்தான். ஆகவே கண்ணில் விழுந்த வைரஸுக்கு இரண்டு வாய்ப்பு. கண்ணின் வெண்படலத்திலேயே பற்றிக்கொள்ளலாம், அல்லது கண்ணீரோடு மூக்குக்கு இறங்கி அங்கே பற்றலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1943லேயே ஆஸ்திரேலியாவில் மக்ஃபார்லேன் பர்னெட் எழுதிவிட்டார். வைரஸ் வளர்த்த முட்டைத் திரவம் கண்ணில் தெறித்த ஒரு ஆய்வகப் பணியாளருக்கு இந்தக் கோழி வைரஸால் கண் சிவந்தது. பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியவர் அவர். நம் நாட்டில் 1920களின் கடைசியில் இமயமலை அடிவாரத்து ராணிகேத்தில் கண்டதால் ராணிகெட் என்று பெயர் வாங்கிய அதே நோய்தான். எனக்கு நடந்தது எண்பது வருடத்துக்கு முன்பே புத்தகத்தில் ஏறியிருக்கிறது. எங்களைப் போல டிராப்பர் பிடிக்கிறவர்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, காகிள்ஸுக்கு வருகிறேன்.

வாங்கும் முன் மூன்று வகையைப் பார்த்தேன். முதலாவது 60 ரூபாய்க்கு வெல்டிங் பட்டறையில் போடும் பக்கம் திறந்த பிளாஸ்டிக் கண்ணாடி. இரண்டாவது நெற்றியில் மாட்டும் முகமறைப்பு, கொரோனா காலத்தில் எல்லோரும் போட்டோமே, அது. மூன்றாவதுதான் இந்த மூடும் வகை. கடைக்காரர் எல்லாமே நல்லது என்றார். எனக்கு அது போதவில்லை. ஒவ்வொன்று வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், நான் குஞ்சுக்குச் செய்வதையே எனக்கும் செய்து பார்த்தேன். மருந்து கலக்காத நீலக் கரைசல் கொஞ்சம் மீதி இருந்தது. அதைச் செடிக்குத் தெளிக்கும் சின்ன ஸ்பிரேயரில் ஊற்றினேன். ஒவ்வொரு கண்ணாடிக்கும் உள்பக்கம் கண்ணின் வெளிமூலை, உள்மூலை வரும் இடங்களில் வெள்ளை டிஷ்யூ பேப்பர் ஒட்டினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மகள் எதிரிலிருந்து மூன்று முறை, பக்கத்திலிருந்து மூன்று முறை, கீழே இடுப்பு உயரத்திலிருந்து மூன்று முறை அடித்தாள். கீழிருந்து அடித்தது முக்கியம், ஏனென்றால் குஞ்சு இருப்பது எங்கள் கையில், நெஞ்சுக்குக் கீழே.

60 ரூபாய்க் கண்ணாடியில் வெளிமூலைப் பேப்பர் இரண்டிலும் நீலப் புள்ளி நிறைய. முகமறைப்பில் எதிரிலிருந்து அடித்தது ஒன்றும் ஏறவில்லை. கீழிருந்து அடித்ததில் தாடைப் பக்கமாக ஏறி இரண்டு பேப்பரிலும் புள்ளி. மூடும் காகிள்ஸில் முதல் முறை மூக்குத் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வந்தது. பட்டையை ஒரு பல் இறுக்கி, மாஸ்க்கின் மேல் ஓரத்தைக் காகிள்ஸுக்கு அடியில் வரும்படி வைத்து மறுபடி அடித்தோம். பேப்பர் வெள்ளையாகவே இருந்தது. அந்தப் பேப்பரை இன்னும் வைத்திருக்கிறேன்.

உடம்பு மெத்தென்ற பிளாஸ்டிக், முன்பக்கம் பாலிகார்பனேட். மேலே இரண்டு கீழே இரண்டு என நான்கு காற்றுத் துளைகள். இவை நேராகத் திறந்த துளைகள் இல்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூடி நின்று, காற்று வளைந்து போய்த்தான் உள்ளே வரும். வாங்குகிறவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். பார்க்க இதே மாதிரி, ஓரத்தில் ஊசி ஓட்டைகள் வரிசையாகக் குத்தியது ஒன்றும் கடையில் இருந்தது. 90 ரூபாய் குறைவு. மரத்தூளுக்கு அது போதும், தெறிக்கும் திரவத்துக்கு ஆகாது.

நிறமில்லாத கண்ணாடியாக வாங்குங்கள். சொட்டு உள்ளே போனதா, குஞ்சு சிமிட்டியதா என்று பார்க்க வேண்டும். லேசாக நிறம் போட்டதை ஒரு தம்பி ஆசைப்பட்டு வாங்கினான், குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடரின் மங்கலான வெளிச்சத்தில் வேலைக்கு ஆகவில்லை.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரம் ஆகிவிடும். முதல் குறை ஆவி. முதல் வாரக் குஞ்சுகளுக்குக் கொட்டகையை முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று டிகிரிக்குக் குறையாமல் வைத்திருப்பார்கள். சித்திரை மாதம் தகரக் கூரையின் கீழ் அதையும் தாண்டும். வேர்த்து, மூச்சு மாஸ்க்கின் மேல் ஓரத்தில் ஏறி, அரை மணி நேரத்தில் காகிள்ஸ் பனி பிடித்துவிடும். "அண்ணா, குஞ்சே தெரியலீங்க, கண்ணு எங்க இருக்குதுன்னு பாக்கறது?" என்று முதல் நாளே அக்கா ஒருவர் கழற்றி வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். பனி பிடிக்காத பூச்சு இருக்கிறது என்று அட்டையில் போட்டிருந்தது, அது முதல் இரண்டு மாதம்தான். நாங்களே அதைக் கெடுத்தோம் என்றும் சொல்ல வேண்டும். உமித்தூசியோடு உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் எந்தப் பூச்சும் நிற்காது.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி எளிது. வேலைக்கு முன் ஒரு துளி குளியல் சோப்பு நுரையை உள்பக்கம் விரலால் மெல்லத் தடவி, காய்ந்ததும் மென்மையான துணியால் கண்ணுக்குத் தெரியாத அளவு மட்டும் விட்டு எடுத்துவிடுவது. மாஸ்க்கின் மூக்குக் கம்பியை நன்றாக அழுத்திப் பொருத்துவது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை கொட்டகைக்கு வெளியே வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம் காகிள்ஸைக் கழற்றி முகத்தைத் துடைப்பது. கழுவாத கையால் கழற்றினால் போட்டதே வீண். பண்ணைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். கலந்த மருந்து ஐஸ் பெட்டியில் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. குப்பியைச் சின்ன அளவாகக் கலந்து சமாளித்தோம்.

இரண்டாவது குறை எலாஸ்டிக் பட்டை. ஐந்தாம் மாதம் தொய்ந்துவிட்டது. கடையில் தனிப் பட்டை இல்லை, புதிதாக வாங்கச் சொன்னார்கள். தையற்கடையில் அகலமான எலாஸ்டிக் 20 ரூபாய்க்கு வாங்கித் தைத்துக்கொண்டோம், இன்றுவரை நிற்கிறது. மூன்றாவது, பவர் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு எல்லா அளவும் பொருந்தாது. எங்கள் அக்கா ஒருவருக்கு அகலமான வகை தேடி 520 ரூபாய் ஆனது. பவர் கண்ணாடியே போதாதா என்று கேட்பார்கள். நார்வேயில் 2022ல் வெளியான ஓர் ஆய்வில், 3,717 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை வெளியே போகும்போது இரண்டு வாரம் ஏதாவது ஒரு சாதாரணக் கண்ணாடி போடச் சொன்னார்கள். அரசுப் பதிவேட்டில் பதிவான கொரோனா தொற்று கண்ணாடி போட்டவர்களில் 3.7 சதவீதம், மற்றவர்களில் 3.5 சதவீதம். பக்கம் திறந்த கண்ணாடியைப் பற்றி என் நீலப் பேப்பர் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முகமறைப்பை நான் ஒதுக்கிவிடவில்லை. 2020 மே மாதம் சென்னையில் வீடு வீடாகப் போன 62 களப் பணியாளர்களைப் பற்றிய ஒரு கட்டுரை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. மாஸ்க், கையுறை, கிருமிநாசினி எல்லாம் இருந்தும் 12 பேருக்குக் கொரோனா. அதன்பின் 250 மைக்ரான் பிளாஸ்டிக் முகமறைப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். 50 பேர் ஜூன் கடைசிவரை 18,228 வீடுகளுக்குப் போனார்கள், ஒருவருக்கும் வரவில்லை. முகமறைப்பு கண்ணோடு மூக்கையும் வாயையும் மறைக்கிறது, கையால் முகத்தைத் தொடுவதையும் தடுக்கிறது. அதனால் பலன் முழுவதும் கண்ணால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. எதிரில் நின்று பேசுகிற வேலைக்கு அது அருமை. எங்கள் வேலையில் துளி கீழிருந்து வருகிறது, அதனால் எங்களுக்கு மூடும் வகை.

வெள்ளைக்கழிச்சல் ஒரு வாரக் கண் சிவப்போடு போய்விடும், இதற்கு 380 ரூபாயா என்று ஒரு பண்ணைக்காரர் கேட்டார். அவருக்கு நான் சொன்னது பறவைக் காய்ச்சலைத்தான். 2003ல் நெதர்லாந்தில் எச்7என்7 என்ற பறவைக் காய்ச்சல் ரகம் வந்து சுமார் மூன்று கோடிக் கோழிகளை அழித்தார்கள். அப்போது தொற்று உறுதியான 89 மனிதர்களில் 78 பேருக்கு இருந்தது கண் சிவப்பு மட்டும்தான். கோழிகளோடு வேலை பார்த்த ஒரு கால்நடை மருத்துவர் நிமோனியாவில் இறந்தே போனார். 2024ல் அமெரிக்காவின் டெக்சஸில் பால் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கு எச்5என்1 என்ற இன்னொரு ரகம் வந்தபோது இரண்டு கண்ணும் ரத்தமாகச் சிவந்ததுதான் அவருக்கிருந்த தொல்லை. கண்ணில் எடுத்த மாதிரியில் வைரஸ் மிக அதிகம், மூக்கில் எடுத்ததில் மிகக் குறைவு. அந்த வருடம் அங்கே முதலில் ஆராயப்பட்டவர்களில், கோழி, மாடுகளிடமிருந்து தொற்றிய 45 பேரில் 93 சதவீதம் பேருக்குக் கண் சிவப்பு.

ஏன் கண்? இந்த வைரஸ்கள் செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற ஒருவகைச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. பறவையின் உடம்பில் அது ஒருவிதமாக இணைந்திருக்கிறது, நம் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் வேறுவிதமாக. நம் கண்ணின் வெண்படலத்திலோ பறவை வகை நிறைய இருக்கிறது. ஆகவே பறவையிலிருந்து வரும் காய்ச்சல் வைரஸுக்கு நம் மூக்கைவிடக் கண் பழக்கப்பட்ட இடம். இதைப் படித்த அன்று மூன்று காகிள்ஸ் கூடுதலாக வாங்கினேன்.

மெட்ராஸ் ஐயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் வரும் மெட்ராஸ் ஐக்குப் பெரும்பாலும் காரணம் அடினோ வைரஸ்கள். அந்தக் குடும்பத்தில் சில ரகங்கள் தொண்டை வலி, காய்ச்சலோடு கண்ணையும் சேர்த்தே பிடிக்கும். அவற்றுக்கு வெளியே கொழுப்புறை இல்லை. அதனால் கையில் தடவும் சானிடைசர் அவற்றின் மேல் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வழி. வெள்ளைக்கழிச்சல் வைரஸுக்குக் கொழுப்புறை உண்டு, சோப்பு அதை உடைத்துவிடும். எப்படிப் பார்த்தாலும் சோப்புதான். எங்கள் காகிள்ஸ் எல்லாம் வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீர் வாளியில் ஊறி, ஓடும் தண்ணீரில் அலசி, நிழலில் காயும். ஒவ்வொன்றிலும் அவரவர் அடையாளமாக நகப்பூச்சுப் புள்ளி வைத்திருக்கிறோம், ஒருவருடையதை ஒருவர் போடுவதில்லை.

பதினொரு மாதத்தில் மூன்று முறை தெறித்திருக்கிறது, மூன்றும் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் நீலப் புள்ளியாக நின்றது. யாருக்கும் கண் சிவக்கவில்லை. ஆறு பேரை வைத்து இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நாளே கழற்றி வைத்த அக்கா இப்போது ஐஸ் பெட்டி திறப்பதற்கு முன்பே மாட்டிக்கொள்கிறார். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், பட்டைக்கும் ஆவிக்கும் சேர்த்து ஒன்று குறைத்தது.

கடையில் போட்டுப் பார்க்கும்போது வெறும் முகத்தோடு பார்க்காதீர்கள். உங்கள் மாஸ்க்கையும் எடுத்துப்போய், இரண்டையும் மாட்டி, தலையைக் குனிந்து ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்குப் பக்கம் இடைவெளி இருந்தால் குனியும்போதுதான் தெரியும். நான் வாங்கியதில் ஒன்று அப்படி ஒரு தம்பிக்குப் பொருந்தவில்லை, புதிதாகவே இருக்கிறது. ஒடுக்கமான முகம் உள்ளவர்கள் யாராவது பண்ணை வேலையில் இருந்தால் கேளுங்கள், கொடுத்துவிடுகிறேன்.